149 என்ற எண்: மூலிகை ஆய்வு பற்றி வாசகர்கள் கேட்டவை

மூலிகையிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுப்பது, சோதிப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. 31 ஆண்டுகள் இதே வேலையில் இருந்தவள் என்பதால் ஆசிரியர் மொத்தக் கட்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில், தெளிவாக எழுதியிருந்த ஒருவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

முனைவர் பட்ட மாணவி ஒருவர்: அம்மா, என் செடியின் மெத்தனால் சாறு ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை நன்றாகக் கொல்கிறது. அதையே சிலிக்கா தூள் நிரப்பிய குழாயில் ஏற்றி 14 பகுதிகளாகப் பிரித்தால் ஒன்றில்கூட வீரியம் இல்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன். வேறு செடிக்குப் போ என்கிறார்கள். போய்விடட்டுமா?

வேண்டாம் அம்மா, இப்போதே வேண்டாம். முதலில் தராசிடம் போங்கள். குழாயில் எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? 14 பகுதிகளையும் உலர்த்தி எடை போட்டுக் கூட்டினால் எத்தனை கிராம் வருகிறது? உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு எண்களும் இல்லை. 5 கிராம் ஏற்றி 3 கிராம்தான் திரும்பியது என்றால், மீதி 2 கிராம் சிலிக்காவிலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் தேடும் பொருளும் அங்கேயே இருக்கலாம். சிலிக்காவை எறிந்துவிடாமல் மெத்தனாலில் நன்றாகக் கழுவி, அந்தக் கழுவலையும் சோதனைக்கு அனுப்புங்கள்.

எடை சரியாக வந்துவிட்டதா? அப்படியானால் 14 பகுதிகளையும் அவை வந்த அதே விகிதத்தில் மறுபடி ஒன்றாகக் கலந்து சோதியுங்கள். இதற்கு ஒரு நாள் போதும். ஆனாலும் பலர் இதைச் செய்வதே இல்லை. கலந்ததும் வீரியம் திரும்பினால், உங்கள் செடியில் ஒரு பொருள் தனியாக வேலை செய்யவில்லை, இரண்டு மூன்று சேர்ந்து செய்கின்றன என்று பொருள்.

பெர்பெரின் விஷயத்தில் நடந்தது இதுதான். பெர்பெரிஸ் வகைச் செடிகளில் இருக்கும் மஞ்சள் நிற ஆல்கலாய்டு அது. கிருமியைக் கொல்லக்கூடியது. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ், தன் சவ்வில் இருக்கும் நார்-ஏ என்ற பம்பினால் உள்ளே வந்த பெர்பெரினை வெளியே இறைத்துவிடும். அதே செடியில் 5'-மெத்தாக்ஸிஹைட்னோகார்பின் என்று இன்னொரு பொருள் இருக்கிறது. அதைத் தனியாகக் கொடுத்தால் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. அதன் வேலை அந்தப் பம்பை அடைப்பது மட்டுமே. பம்பு அடைபட்டால் பெர்பெரின் உள்ளே தங்கிவிடும், கிருமி சாகும். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இது. இரண்டையும் வெவ்வேறு குப்பிகளில் போட்டுத் தனித்தனியாகச் சோதித்தவருக்கு ஒன்று சோப்ளாங்கியாகவும் மற்றது வெறும் தூளாகவும்தான் தெரிந்திருக்கும்.

கலந்த பிறகும் வீரியம் திரும்பவில்லை என்றால், வழியில் எங்கோ பொருள் சிதைந்துவிட்டது. சிலிக்கா லேசான அமிலத்தன்மை உள்ளது, சில பொருள்களை உடைத்துவிடும். வெளிச்சம் சிலவற்றைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விடச் சூடு. கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரின் தண்ணீர்த் தொட்டியை எத்தனை டிகிரியில் வைத்திருந்தீர்கள்? வேகமாக முடியட்டும் என்று 60க்கு ஏற்றியிருந்தால் 40க்கு இறக்குங்கள்.

இந்த இடத்தில் தூ யூயூவின் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. மலேரியாவுக்கு மருந்து தேடிய சீனத் திட்டத்தில் வேலை செய்த அவர் சிங்ஹாவ் என்ற செடியின் சாற்றைச் சோதித்தார். ஒருமுறை நல்ல பலன் வந்தது. திரும்பச் செய்தபோது வரவில்லை. உங்களுக்கு நடந்ததேதான். அவர் செடியைக் கைவிடாமல் பழைய ஏடுகளுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய வைத்தியக் கையேட்டில், ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, சுமார் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதரால் சாறு எடுத்தார். அதிலிருந்த அமிலப் பகுதியில் நச்சு இருந்தது, மலேரியாவுக்கு எதிரான வீரியம் இல்லை. அதை நீக்கி நடுநிலைப் பகுதியை வைத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 4 அன்று, 191ஆவது மாதிரி எலிகளின் மலேரியாவை முழுமையாக அடக்கியது. அந்த மாதிரிதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழிகாட்டியது. அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு பாலம் உண்டு. மருந்தின் வேலை முழுக்க அதில்தான். 190 மாதிரிகள் வரை பொறுத்த அந்த மனத்தை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கடைசியாக ஒன்று. முதல் சாற்றை எந்த அளவில் சோதித்தீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்யாத சாற்றைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். 2000 மைக்ரோகிராம் கொட்டினால் எந்தச் செடியும் எதையாவது கொல்லும். அப்படிப்பட்ட சாறு என்றால் மட்டும், செடியை மாற்றச் சொன்னவர்கள் சொன்னது சரி.

வாசகி ஒருவர்: இலையே குணப்படுத்தும்போது அதற்குள் இருப்பதைப் பிரித்து எடுக்க வேண்டிய அவசியம் என்ன? இயற்கையாக இருப்பதைக் கெடுப்பது போல இல்லையா?

கெடுப்பதற்காக இல்லை அம்மா, அளப்பதற்காக. டிஜிட்டாலிஸ் என்ற பூச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் கோத்து உடல் வீங்கியவர்களுக்கு ஒரு பாட்டியம்மாள் கொடுத்துவந்த குடும்ப மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் அதைப் பார்த்து, வேலை செய்வது டிஜிட்டாலிஸ்தான் என்று கண்டுகொண்டார். பத்தாண்டு காலம் நோயாளிகளுக்குக் கொடுத்துக் கவனித்து, பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே 1785இல் நூலாக வெளியிட்டார். வேர் வேண்டாம், இலை போதும், அதையும் பூக்கும் பருவத்தில் பறியுங்கள் என்று அவர் வற்புறுத்தியதற்குக் காரணம் இருந்தது. செடியின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறும். இதயத்தைச் சீராக்கும் அளவுக்கும் இதயத்தை நிறுத்தும் அளவுக்கும் இடையே இந்தச் செடியில் இடைவெளி மிகக் குறைவு.

1930இல் டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற அதன் உறவுச் செடியிலிருந்து டிகாக்ஸின் என்ற இதய மருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இன்று ஒரு மாத்திரையில் கால் மில்லிகிராமோ அதில் பாதியோதான் இருக்கும். அத்தனை சிறிய எடையை எந்த இலையிலிருந்து கண்ணால் அளந்து கிள்ளுவீர்கள்? ஒரே செடியின் மேல் இலைக்கும் கீழ் இலைக்கும்கூட வித்தியாசம் இருக்கும்.

எல்லாச் செடிக்கும் இப்படிப் பிரித்தே தீர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். மேலே பெர்பெரின் கதையைப் படித்திருப்பீர்கள். முழுச் சாறாகவே நல்லது என்றால் முழுச் சாறாகவே கொடுக்கலாம். அப்போதும் அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

முதுகலை மாணவர் ஒருவர்: அம்மா, ஒரு செடியின் வேரிலிருந்து நிறமற்ற எண்ணெய் போன்ற ஒரு பொருளைத் தனியாகப் பிரித்துவிட்டேன். டிஎல்சி தகட்டில் (கலவையில் இருக்கும் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக்காட்டும் தகடு) ஒரே புள்ளி. நிறைமாலையில் (மூலக்கூறு, அதன் துண்டுகள் ஆகியவற்றின் எடையைக் காட்டும் வரைபடம்) 149இல் மிகப் பெரிய உச்சி. கிருமிகளையும் ஓரளவு தடுக்கிறது. இந்தச் செடியில் இதுவரை யாரும் சொல்லாத பொருள். கட்டுரை எழுதலாமா?

தம்பி, 149 என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆய்வுக்கு வந்த மூன்றாவது ஆண்டில் எனக்கும் இதே எண் வந்தது. ஒரு மரப்பட்டைச் சாறு. ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் எடுத்த பகுதியில் அழகான ஒற்றைப் புள்ளி, புற ஊதா விளக்கில் கருநிழலாகத் தெரிந்தது. நான்கு மாதம் அதோடு கிடந்தேன். மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆரில் பென்சீன் வளையத்தின் ஹைட்ரஜன்கள் 7.7இலும் 7.5இலும் சமச்சீராக நின்றன, 4.2 பக்கத்தில் எஸ்டருக்கு உரிய உச்சி. மூலக்கூறு எடை 390. எனக்குத் தெரிந்த எந்தத் தாவரப் பொருளோடும் ஒத்துப்போகவில்லை. புதிய பொருள் என்று நம்பி, அதற்கு வைக்க ஒரு பெயரைக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்த அக்கா ஒருவர் நிறைமாலையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. நான் பயன்படுத்திய ஹெக்ஸேனில் இரண்டு லிட்டரை எடுத்து, செடியே போடாமல், அதே குடுவையில் ஆவியாக்கி, அடியில் மிஞ்சியதைத் தகட்டில் புள்ளி வைத்தார். என் பொருள் அங்கே இருந்தது. அதே உயரம், அதே கருநிழல்.

அது தாலேட். பிளாஸ்டிக்கை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் பொருள். நான் கரைப்பானை ஊற்றி வைத்த பிளாஸ்டிக் கேன், பம்பின் ரப்பர் போன்ற குழாய், இரண்டிலிருந்தும் ஹெக்ஸேன் அதைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தது. தாலேட்டுகளின் நிறைமாலையில் 149 என்பது கைரேகை மாதிரி. உங்கள் எண்ணெயும் அதுவாகவே இருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. 167, 279 ஆகிய இடங்களிலும் உச்சி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஏறக்குறைய முடிந்தது. கிருமியைத் தடுக்கிறதே என்று கேட்காதீர்கள். தாலேட்டும் அதிக அளவில் ஓரளவு தடுக்கும். அதனால்தான் செடியில் கண்ட புதிய மருந்து என்று உலகெங்கும் பல கட்டுரைகளில் இது ஏறியிருக்கிறது.

கட்டுரையை நிறுத்திவைத்துவிட்டு, என் அக்கா செய்ததைச் செய்யுங்கள். செடி இல்லாமல் முழு வேலையையும் ஒருமுறை. கரைப்பானைக் காய்ச்சி வடித்து, கண்ணாடியில் மட்டும் வையுங்கள். அப்படியும் அந்தப் பொருள் செடியோடு மட்டும் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், உங்களைவிட நான் மகிழ்வேன். அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு, செடியில்லாச் சோதனை இல்லாமல் ஒரு வேலையையும் நான் தொடங்கியதில்லை.

கரைப்பானே செடிப் பொருளை மாற்றிவிடுவதும் உண்டு. மெத்தனாலில் நாள்கணக்கில் ஊறிய கரிம அமிலம் மெத்தில் எஸ்டராகி வரும். அது செடி செய்ததில்லை, நாம் செய்தது.

கல்லூரி மாணவர் ஒருவர்: டிபிபிஎச் சோதனையில் என் சாறு 90 சதவீதம் காட்டியது. புற்றுநோய்க்கு எதிரானது என்று எழுதலாமா?

கூடாது. டிபிபிஎச் என்பது ஆக்சிஜனேற்றத் தடுப்பை அளக்கப் பயன்படுத்தும் ஊதா நிறக் கரைசல். எலக்ட்ரானோ ஹைட்ரஜனோ கொடுக்கக்கூடிய எதைப் போட்டாலும் மஞ்சளாகும். 517 நானோமீட்டரில் நீங்கள் அளப்பது அந்த நிறமாற்றத்தை மட்டுமே. அதில் ஒரு உயிரணுகூட இல்லை.

இதைவிட ஏமாற்றுவது எம்டிடி சோதனை. உயிருள்ள செல்கள் மஞ்சள் நிற எம்டிடியை ஊதாவாக்கும், ஊதா குறைந்தால் செல்கள் செத்தன என்று கணக்கு. ஆனால் செடிச் சாற்றில் இருக்கும் பாலிஃபீனால்கள் செல்லே இல்லாமலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். ஆகவே செல் இல்லாத குழிகளிலும் சாற்றைப் போட்டுப் பாருங்கள். செடியின் துவர்ப்புப் பொருளான டானின் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், எந்த நொதியையும் தடுத்ததாகக் காட்டும். நுரைக்கும் செடிப் பொருளான சப்போனின் செல்லின் சவ்வைச் சோப்பு போலக் கரைக்கும், அதைப் புற்றுசெல்லைக் கொன்றதாக எழுதிவிடுவோம். நலமான செல்களையும் அதே அளவில் சோதித்து இரண்டுக்கும் வித்தியாசம் எத்தனை மடங்கு என்று பார்க்காமல் புற்றுநோய் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அந்தச் சொல்லை நம்பிப் படிக்கும் நோயாளி ஒருவர் எங்கோ இருக்கிறார்.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினை நினைவில் வையுங்கள். கிட்டத்தட்ட எல்லாச் சோதனையிலும் பலன் காட்டும். தானே ஒளிரும், புரதங்களின் கந்தகத்தோடு வினைபுரியும், செல் வளர்க்கும் நடுநிலைக் கரைசலில் சீரம் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துபோகும். 2017இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இத்தனையையும் தொகுத்து எழுதினார்கள். நாம் அளந்தது பெரும்பாலும் மருந்தின் வேலையை அல்ல, மூலக்கூறு சோதனையோடு மோதியதைத்தான் என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

வாசகர் ஒருவர்: காய்ந்த வேரை வாங்கித்தான் ஆய்வு செய்கிறோம். பெயர் எழுதியே தருகிறார்கள். ஹெர்பேரியம் மாதிரி அவசியமா?

அவசியம். பூவோடும் இலையோடும் செடியை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் பெயர் உறுதிசெய்து, எண் போட்டு வைத்த மாதிரி இல்லாத ஆய்வை யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரைகளில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேர் இருப்பதாக நினைத்தார்கள். சீனப் பெயரில் அது ஃபாங்ஜி. அரிஸ்டோலோகியா ஃபாங்ச்சி என்ற வேறொரு செடிக்கும் கிட்டத்தட்ட அதே பெயர்தான், வந்து சேர்ந்தது அந்தச் செடியின் வேர். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதானது, பெரும்பாலும் பெண்கள். அவர்களில் முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்தபோது 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. தூளாக்கிய வேரில் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. தகட்டில் புள்ளி வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: ஒரு செடியில் மருந்து இருப்பது தெரிந்ததிலிருந்து நோயாளி கைக்கு வர எத்தனை காலம் ஆகும்? மாணவர்கள் கேட்கிறார்கள்.

டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்துக்கு 30 ஆண்டு. பசிபிக் யூ மரத்தின் பட்டை 1962இல் சேகரிக்கப்பட்டது. மன்ரோ வால், மன்சுக் வானி என்ற வேதியியலாளர்கள் இருவரும் ஒவ்வொரு படியிலும் பகுதிகளைச் சோதனைக்கு அனுப்பி, வீரியம் எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போனார்கள். 12 கிலோ உலர்ந்த பட்டையில் அரை கிராம் கிடைத்தது. கட்டமைப்பு 1971இல் வெளியானது. செல் பிரியும்போது உருவாகும் நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது என்பதைச் சூசன் ஹார்விட்ஸ் 1979இல் காட்டினார். சினைப்பைப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி 1992இல். பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், மரமோ மெதுவாக வளர்வது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து அதைச் செய்யக் கற்ற பிறகுதான் மரங்கள் தப்பின.

உங்கள் மாணவர்களுக்கு நித்தியகல்யாணியைச் சொல்லுங்கள், அவர்களுக்குத் தெரிந்த பூ. சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற வழக்கை நம்பி ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் கனடாவில் அதைச் சோதித்தார்கள். எலிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள், சர்க்கரை குறையவில்லை. ஊசியில் ஏற்றினார்கள், எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றில் செத்துப்போயின. தோற்றுவிட்டது என்று விட்டுவிடாமல், ஏன் செத்தன என்று பார்த்தார்கள். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று தோன்றியது. 1958இல் அந்தச் செடியிலிருந்து பிரித்த வின்பிளாஸ்டின் வெளிவந்தது, அதன் தம்பியான வின்கிரிஸ்டின் இன்று வரை இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்து.

ஆய்வு மாணவர் ஒருவர்: சுத்தமான பொருள் 80 மில்லிகிராம் கையில் இருக்கிறது. தூ யூயூ தன்மேலேயே சோதித்தாரே, நானும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். தூ யூயூவும் இரண்டு சகாக்களும் 1972இல் சாற்றை உட்கொண்டது, விலங்குச் சோதனைகளுக்குப் பின், மருத்துவமனைக் கண்காணிப்பில். அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்த செர்டர்னர் தானும் மூன்று இளைஞர்களுமாகச் சாப்பிட்டுப் பார்த்தார். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று தடவை. பிறகு எல்லோரும் வாந்தியெடுக்க வினிகர் குடிக்கவேண்டியதாயிற்று. பிழைத்தது அவர்கள் நல்லகாலம்.

மார்ஃபினாவது உடனே காட்டிக்கொடுத்தது. அரிஸ்டோலோகிக் அமிலம் சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது, அடுத்த மாதமும் தெரியாது. உங்கள் 80 மில்லிகிராமில் 5 மில்லிகிராமை நலமான சிறுநீரகச் செல்களிலும் கல்லீரல் செல்களிலும் சோதிக்க எடுத்து வையுங்கள். 10 மில்லிகிராம் என்எம்ஆருக்கு. மீதியைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, தேதியும் ஹெர்பேரியம் எண்ணும் எழுதி ஒட்டி, உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.